வழி மாறி வந்த எச்சரிக்கை

என் வீட்டுக்காரிக்கு,

ஆற்றுப்பாலம் இடிந்து, நம் சின்னவளும் பிறந்தாளே, அந்த வருஷம்தான் நானும் நெட்டையனும் இன்னும் இரண்டு பேரும் இந்த டிவி நிலையத்துக்கு வயர் இழுத்தோம். நான் சுகம். உன் முட்டிவலி தேவலையா? நான் சொல்லச் சொல்ல கேன்டீன்காரர் எழுதுகிறார்.

அப்போது ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனி வயர். இப்போது படம், குரல் எல்லாம் ஒரே நெட்வொர்க்கில் ஓடுகின்றன. எந்தக் குரல் எந்த அறைக்குப் போக வேண்டும் என்பதை இன்ஜினியர் கம்ப்யூட்டரில் அமைக்கிறார்.

போன வாரம் ஓய்வறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். "தீயணைப்பு வாயு வெளியாகப் போகிறது, உடனே வெளியேறுங்கள்" என்றது ஸ்பீக்கர்.

"பெருசு, உன் பீடியத்தான் சொல்றாங்க, அணைச்சிடு" என்றான் எலக்ட்ரீஷியன். எல்லோரும் சிரித்தோம்.

கீழே மெஷின் அறைக்குப் போக வேண்டிய குரல் அது. அந்த வாயு தீயை மட்டுமல்ல, உள்ளே இருக்கிற ஆளின் மூச்சையும் அணைத்துவிடும். அங்கே பழைய வயர்களைப் பிரித்துக்கொண்டிருந்த நெட்டையனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கதவைத் திறந்தபோது அவனுக்கு மூச்சு இல்லை. தூங்குகிற மாதிரிதான் கிடந்தான், நீ பயப்படாதே.

"எல்லாம் சரி பண்ணியாச்சு, பெரியவரே" என்கிறார் இன்ஜினியர். இன்று காலை சோதித்தார்கள். குரல் தெளிவாகக் கேட்டது. ஆனால் நான் ஓய்வறையில் இருந்தேன். சொன்னதற்கு, "அது கீழேருந்து வர்ற எதிரொலி" என்றார்.

கீழே குளிர் அதிகம். என் முழுக்கை ஸ்வெட்டரை அனுப்பு. பேரன் பேசுவதைப் போனில் பதிவு செய்து அனுப்பு, என்ன உளறினாலும் சரி.

கூப்பிடுகிறார்கள், போகிறேன். அந்த அறை வயர்களைப் பிரிக்கத் தெரிந்த நாலு பேரில் இரண்டு பேர் எப்போதோ போய்விட்டார்கள், நெட்டையனும் போய்விட்டான். மிச்சம் உன் வீட்டுக்காரன்தான்.