மீதி வண்டி

மார்ச் 4, செவ்வாய்

அண்ணியின் வயிறு இன்று தையல் மிஷினில் இடித்தது. நேற்று வரை ஒரு விரல் இடைவெளி இருந்தது. இன்றிலிருந்து பக்கவாட்டில் உட்கார்ந்து தைக்கிறாள், யாரிடமோ கோபித்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்த மாதிரி. "உள்ள இருக்கிறது உங்க அண்ணன் மாதிரியேதான். இடத்தை அடைச்சுக்கிட்டு நகராது" என்றாள். அண்ணன் கப்பல் வேலையில் இருக்கிறான். அவன் சார்பில் பேச ஆளில்லை.

மதியம் கார் ஷோரூம் மேனேஜர் வந்தார். ஆள் வருவதற்கு முன்னால் வாசனை வந்துவிடும், அதனால் எங்களுக்கு அவர் சென்ட் சார். நான் வழக்கம்போலத் துணி உருளைகளுக்குப் பின்னால் போய்விட்டேன். இந்தக் கடையில் கார் கவர் எல்லாவற்றையும் வெட்டுவது நான். பாதியைத் தைப்பதும் நான். வருகிறவர்களிடம் பேசுவது மட்டும் முழுக்க முழுக்க அண்ணி. துணிக்குப் பின்னால் நின்றாலும் எல்லாம் நன்றாகக் கேட்கும்.

ராஜாளி திரும்பி வருகிறதாம்!

அப்பா காலத்துக் கார் அது. நீள மூக்கு, மீன் துடுப்பு மாதிரி எழும்பிய வால், பின் சீட்டில் ஒரு குடும்பமே உட்காரலாம். நிறுத்தி எத்தனையோ வருஷமாகிவிட்டது. இப்போது அதே கம்பெனி அதே பெயரை ஒரு குட்டிக் காருக்கு வைக்கிறது. அறிமுக விழாவுக்கு ஒரு கவர் வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் பழைய ராஜாளியின் உருவம் தெரிய வேண்டும். பழசேதான் வந்துவிட்டது என்று கூட்டம் வாயைப் பிளக்க வேண்டும். அப்புறம் ஒரே இழுப்பு. உள்ளே குட்டி.

"எங்கேயும் மாட்டக் கூடாது, கிழியக் கூடாது. சரியா வந்தா நாங்க விக்கிற ஒவ்வொரு வண்டிக்கும் கவர் உங்க கடைதான்" என்றார் சென்ட் சார்.

"வரும் சார்" என்றாள் அண்ணி. எப்படி வரும் என்று அவளுக்கும் தெரியாது.

மார்ச் 5, புதன்

அப்பாவிடம் சொன்னோம். சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். அவர் ஓர் இரும்பாலை முதலாளிக்கு ராஜாளி ஓட்டினவர்.

"சிட்டுக்குருவியைப் பிடிச்சு ராஜாளின்னு கூப்பிட்டா அது போய்க் கோழிக்குஞ்சைத் தூக்கிடுமா?"

"பேருதானே மாமா?"

"பேருதானேன்னா வேற பேரு வைக்க வேண்டியதுதானே!"

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். உடனே தட்டைப் பார்த்தார்.

எனக்கு வைத்திருப்பது பெரிய அத்தையின் பெயர். அத்தை நடந்து வந்தால் தெருச் சண்டை தானாக நின்றுவிடுமாம். ஒரு முறை கண்டக்டரையே பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டாளாம். அவள் இறந்த வருஷம் நான் பிறந்தேன். பெயர் வந்தது, வாய் வரவில்லை. சொந்தக்காரர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லியாயிற்று: "பேருல மட்டும்தான் அவ."

குட்டிக் காரின் மேல் எனக்குப் பாசம் வந்துவிட்டது. இன்னும் பார்க்கவே இல்லை.

மார்ச் 7, வெள்ளி

பழைய ராஜாளிக்கு அளவெடுக்க வேண்டுமே. அப்பா திட்டிக்கொண்டே ஒரு ஷெட்டுக்குக் கூட்டிப்போனார். முதலாளியின் மகன் இன்னும் அதை விற்காமல் வைத்திருக்கிறார். நான் டேப்பைப் பிடிக்க, அப்பா மறுமுனையைப் பிடித்தார். வாலுக்கு வந்ததும் டேப்பை விட்டுவிட்டுத் தடவிக்கொண்டு நின்றுவிட்டார்.

"அப்பா, டேப்பு."

"இரு, இரு."

கார் ஷெட்டின் கதவு வரைக்கும் இருந்தது. சுற்றி வருவதற்குள் மூச்சு வாங்கியது. அழகுதான். இல்லை என்று சொன்னால் பொய்.

மார்ச் 10, திங்கள்

குட்டி வந்தது! கடை வாசலுக்கே வந்தது!

எங்கள் தெருவில் கரண்ட் கம்பத்துக்கும் எதிர்வீட்டுப் படிக்கும் நடுவே கார் நுழையாது. எல்லாரும் முனையில் நிறுத்திவிட்டுத்தான் நடந்து வருவார்கள். அப்பாவும் ராஜாளியை அங்கேதான் நிறுத்துவாராம். இது சர்ரென்று உள்ளே வந்து, வாசலிலேயே திரும்பி, வந்த திசையைப் பார்த்து நின்றது. பாசிப்பச்சை நிறம். உருண்டைக் கண். பின்னால் வால் இருந்த இடத்தில் குட்டியாக ஒரு மடிப்பு, பழசை ஞாபகம் வைத்துக்கொள்கிற மாதிரி. டிரைவர் டீ குடிக்கப் போனதும் வெளியே வந்து அளவெடுத்தேன்.

பிரச்சினை: முன்னால் இவ்வளவு நீளம் குறைகிறது, பின்னால் அவ்வளவு. அந்த இடத்தில் காற்றுதான் இருக்கிறது. காற்றுக்கு எப்படி உடுப்பு தைப்பது?

சாயங்காலம் தோன்றியது. கூடாரம் போடுகிறவர்கள் வைத்திருப்பார்களே, வளைகிற கம்பி. துணியிலேயே நீளக் குழாய் மாதிரித் தைத்து அதற்குள் கம்பியை விட்டால் துணி தானே நிற்கும். முன்னால் இரண்டு கொக்கி போட்டுக் காரோடு பிடித்து வைக்கலாம். கொக்கியைக் கழற்றிவிட்டு இழுத்தால் மொத்தமும் மடங்கிக்கொண்டு வந்துவிடும்.

அண்ணி என் தலையைப் பிடித்து உச்சியில் முத்தம் கொடுத்தாள். "மூளை இருக்கு. இதைச் சென்ட் சார்கிட்ட நீயே சொல்லு."

நீங்களே சொல்லுங்க அண்ணி.

மார்ச் 11, செவ்வாய்

கம்பி வளைகிறது. துணி வளைய மாட்டேன் என்கிறது. மூன்று ஊசி போச்சு.

மார்ச் 13, வியாழன்

ஷோரூம் கிடங்கில் வைத்து மாட்டிப் பார்த்தோம். ராஜாளி நின்றது! மூக்கு, தோள், வால், எல்லாம். அப்பா "சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்று வந்தார். கிடங்கு இருப்பது ஊர்க்கோடியில். யாரும் சும்மா அந்தப் பக்கம் வர மாட்டார்கள். துணி மூக்கில் கை வைத்து, உள்ளே ஒன்றுமில்லாமல் அமுங்கியதும் கையை எடுத்துக்கொண்டார்.

இழுத்தோம். ஒரே இழுப்பு. சென்ட் சார் கை தட்டினார்.

அதுவரைக்கும் நல்ல நாள்தான்.

அப்புறம் டாக்டரிடம் போனால், அண்ணி இன்றிலிருந்து படுத்தே இருக்க வேண்டுமாம். துணி கிழியாமல் அந்தக் கொக்கியைக் கழற்ற எங்கள் இரண்டு பேருக்கும்தான் தெரியும். அப்படியென்றால் விழாவில் மேடை மேல் குனிந்து அதைக் கழற்றப்போவது யார்? எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள்.

நான் மாட்டேன். மாட்டவே மாட்டேன். அவங்களுக்கு என்ன, சொல்லிட்டுப் போயிடுவாங்க. பள்ளிக்கூடத்துல ஒரு நாள் எழுந்து நின்னு வாசின்னு சொன்னாங்க. நின்னேன். குரல் வரல. வரவே இல்ல. ஒருத்தி சிரிச்சா, அப்புறம் மொத்த வகுப்பும் சிரிச்சுது. மறுநாள் வயித்து வலின்னு படுத்தேன், அந்த வலி பள்ளிக்கூடம் முடியிற வரைக்கும் போகல. யாரும் என்னை நிறுத்தல. தானா நின்னு போச்சு.

அண்ணி திட்டவில்லை. அதுதான் கஷ்டம். "உன்னைக் கட்டாயப்படுத்தலை. ஆனா கேளு. குழந்தை வந்தா நான் ஆறு மாசம் கடைப்பக்கம் வர முடியாது. வெட்ட நீ இருக்கே, தைக்க நீ இருக்கே. வர்றவங்ககிட்ட வாயைத் திறக்க யாரு இருக்கா?" தையல் மாஸ்டர் ஒருவரிடம் சொல்லி வைத்திருக்கிறாளாம். திங்கட்கிழமை வந்து கடையைப் பார்ப்பார். அவர் மேசையில், அவர் சொன்னபடி நான் வெட்ட வேண்டும்.

என் மேசை அது.

மார்ச் 14, வெள்ளி

வழி கிடைத்துவிட்டது!

பழைய ராஜாளி நீளம். புதுசு குட்டை. துணி மூக்குக்கும் நிஜ மூக்குக்கும் நடுவே ஓர் இடம் இருக்கிறதே, அதில் ஒரு ஆள் குந்தி உட்காரலாம். நான் முன்னாலேயே போய் உள்ளே உட்கார்ந்துகொள்வேன். பாட்டு நின்றதும் விளக்கு அணையும். நான் கொக்கியைக் கழற்றிவிட்டுப் பக்கத்துக் கறுப்புத் திரைக்குப் பின்னால் ஓடிவிடுவேன். விளக்கு வரும், ஷோரூம் ஆட்கள் பின்னாலிருந்து இழுப்பார்கள். என்னை ஒருவரும் பார்க்கவே மாட்டார்கள்.

சென்ட் சாரிடம் அண்ணி போனில் சொன்னாள். பலமாகச் சிரித்துவிட்டுச் சரி என்றார்.

"ஒளிஞ்சுக்கிறதுக்கு உன்னை அடிச்சுக்க ஆள் கிடையாதுடி" என்றாள் அண்ணி. பாராட்டு மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

மார்ச் 16, ஞாயிறு

தூங்குவதற்கு முன்னால் எழுதிவிட வேண்டும்.

உள்ளே உட்கார்ந்திருந்தேன். சூடு. புதுக் காரின் ரப்பர் வாசனை, அதற்கு மேல் சென்ட் சார் வாசனை. துணிக்கு வெளியே கூட்டம். பழைய ராஜாளி வைத்திருக்கிறவர்களையெல்லாம் முன் வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். "வால் தெரியுது பாருங்க, வால்!" என்று ஒருவர் குரல். "அதேதான், அதேதான்!" என்று இன்னொருவர். அப்பா கடைசி வரிசையில் இருப்பதாகச் சொல்லியிருந்தார்.

பாட்டு நின்றது. கொக்கிகளைக் கழற்றினேன். விளக்கு அணையவில்லை. விளக்குக்காரரும் வாயைப் பிளந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாராம், பிறகு தெரிந்தது. இழுக்கிறவர்கள் பாட்டைத்தான் கவனித்தார்கள். இழுத்துவிட்டார்கள்.

சுத்தமாக வந்தது கவர். எங்கேயும் மாட்டவில்லை. அதை மட்டும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

குட்டிக் கார். அதற்கு முன்னால், இரண்டு கையிலும் கொக்கியோடு, தவளை மாதிரி நான்.

முன் வரிசையில் தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் எழுந்தார். "ஏம்மா, மீதி வண்டி எங்கே?"

சிரித்தார்கள். அரங்கம் முழுக்க. சென்ட் சார் முகத்தில் ஈயாடவில்லை. கையில் மைக் அப்படியே நின்றது. திரை பக்கத்தில்தான் இருந்தது. ஓடியிருக்கலாம். ஆனால் அவர் நிஜமாகவே கேட்கிற மாதிரி இருந்தது. என்னைத்தான் கேட்டார். பதில் எனக்குத் தெரியும்.

எழுந்து நின்றேன். "மீதியிலதான் சார் நான் உட்கார்ந்திருந்தேன்."

மைக் வரைக்கும் கேட்டிருக்கிறது. மறுபடி சிரித்தார்கள். ஆனால் இது வேறு சிரிப்பு. எப்படிச் சொல்வது? முன்பு சிரித்தபோது கதவு மூடியது. இப்போது சிரித்துவிட்டு, அடுத்து நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தார்கள்.

பெரியவர் விடவில்லை. "சரி. ராஜாளின்னு கூப்பிடற அளவுக்கு இதுல என்ன இருக்கு?"

"தெரியலைங்க. நான் ஓட்டினதில்லை. ஆனா எங்க தெருவுக்குள்ள வந்துச்சு. கடை வாசல்லயே திரும்புச்சு. பெரிய ராஜாளி முனையோட சரி."

அவர் தொப்பியைக் கழற்றினார். "என்னோடது ரெண்டு தெரு தள்ளித்தான் நிக்குது. மழைன்னா நனைஞ்சுக்கிட்டுத்தான் போறேன்" என்று சொல்லிவிட்டு, மேடையேறி உள்ளே உட்கார்ந்து பார்த்தார். அவர் பின்னால் வரிசை வந்துவிட்டது. சென்ட் சாருக்கு உயிர் வந்தது.

வரிசையில் கடைசியாக அப்பா. சீட்டில் உட்கார்ந்து காலை நீட்டிப் பார்த்தார். கதவைச் சாத்தும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். இறங்கினார்.

வீட்டுக்கு வரும் பஸ்ஸில் சொன்னார்: "உங்க அத்தையா இருந்தா இதுக்கு அரை மணி நேரம் பேசியிருப்பா."

"நான் அவ்வளவு பேச மாட்டேன்ப்பா."

"தெரியும். வேண்டாம். இது போதும்."

மார்ச் 17, திங்கள்

தையல் மாஸ்டர் சொன்னபடி வந்துவிட்டார். நல்ல மனிதர். வந்ததும் என் மேசையின் உயரத்தைக் கையால் அளந்து, "கொஞ்சம் ஏத்தணும்" என்றார்.

நான் துணி உருளைகளைப் பார்த்தேன். பிறகு அவரைப் பார்த்தேன்.

"மன்னிச்சுக்குங்க, உங்களை வீணா அலைய விட்டுட்டோம். ஆள் தேவைப்படலை."

"யாரும்மா சொன்னது? கடைக்காரம்மா வரச் சொன்னாங்களே?"

"அவங்க வர்ற வரைக்கும் கடையைப் பார்த்துக்கிறது நான்தாங்க." காது வரைக்கும் சூடு ஏறியது. ஆனால் குரல் நடுவில் நிற்கவில்லை.

அவர் டீ குடித்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது, அண்ணியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஓடினேன். படுத்திருந்தவள் முழுக்கக் கேட்டாள். "என்னைக் கேட்காமலேயா? என் கடையிலேயா?" என்றாள். அடுத்த நொடி அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். "சிரிக்க வைக்காதடி, டாக்டர் திட்டுவார்."

மார்ச் 29, சனி

பெண் குழந்தை! அண்ணி நலம். மூக்கு அண்ணனுடையது. பாவம்.

ஏப்ரல் 9, புதன்

இன்று காலையில் சென்ட் சார் மூன்று குட்டி ராஜாளிகளை, வாங்கினவர்களோடு அனுப்பினார். ஒருவருக்குக் கவரில் பெயர் கதவு அளவுக்குப் பெரிசாக வேண்டுமாம். "அவ்வளவு பெரிசு போட்டா எழுத்துதான் தெரியும் சார், கார் தெரியாது" என்று சொல்லிப் புரிய வைக்கவே பதினொரு மணி ஆகிவிட்டது. இன்னொருவர் நேற்றே வந்து கவர் கேட்டேன் என்று சண்டைக்கு வந்தார். நேற்று அவர் வரவே இல்லை, அதையும் சொன்னேன். மதியம் ஒரு அம்மா கவருக்கு வந்து, கவரைத் தவிர எல்லாக் கதையும் பேசிவிட்டுப் போனார்.

சாயங்காலம் அண்ணி போன் பண்ணினாள். "ஏன் உன் குரல் இப்படிக் கம்முது? சளியா?"

சளி இல்லை அண்ணி. தொண்டை கட்டிப் போச்சு, பேசிப் பேசி.