சின்னக்கருப்பன் சீக்கு

திருநகர், மதுரை
11.12.1984

அன்புள்ள தம்பி வெள்ளைத்துரைக்கு,

அக்கா பாண்டியம்மாள் எழுதுவது. இங்கே மழையும் என் முழங்கால் வலியும் வழக்கம்போல.

உன் வேளாண்மை இலாகா அச்சடிக்கப்போகும் துண்டுப்பிரசுரத்தில் நான் எழுத்துப்பிழை பார்த்துக்கொண்டு அடம் பிடிப்பதாகச் சொல்கிறாயாம். உன் மனைவி முத்துத்தாய் எழுதியிருந்தாள். கான்வென்ட்டில் படித்த கிழவிக்கு வேறு வேலையில்லை என்றும் சொன்னாயாம். வேலை நிறைய இருக்கிறது. என் கோபம் எழுத்துப்பிழையைப் பற்றியதும் அல்ல. ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: நீ என் பார்வைக்கு அனுப்பிய ஒரே தாளில் அந்த நெல் நோயின் பெயர் துங்ரோ, துங்குரோ, டங்ரோ என்று மூன்று விதமாக இருக்கிறது. விவசாயி மூன்றுக்கும் தனித்தனி மருந்து கேட்பான். ஏதாவது ஒன்றை வைத்துக்கொள்.

பிலிப்பைன்ஸ் நாட்டு மொழி ஒன்றில் வளர்ச்சி குன்றிப்போவதற்கு அந்தச் சொல் என்று போன கடிதத்தில் விளக்கியிருந்தாய். பொருத்தமான பெயர். பயிர் அப்படித்தான் குட்டையாகி, இலை ஆரஞ்சுத் தோல் நிறத்தில் நிற்கிறது. அதோடு நிறுத்தியிருக்கலாம். கீழே, ‘மதுரை வட்டாரத்தில் இதைச் சின்னக்கருப்பன் சீக்கு என்பர்’ என்று எதற்காக ஒரு வரி? இரண்டு முறை கேட்டுவிட்டேன். மக்கள் வழங்கும் பெயரையும் பதிவு செய்ய வேண்டும் என்று இரண்டு முறையும் ஒரே பதிலை எழுதுகிறாய்.

சின்னக்கருப்பனை உனக்கு மறந்திருக்காது. நாகமலை புதுக்கோட்டையில் நம் வயலில் இருபது வருடம் கூலிக்கு உழுதவன். நாலு வருடத்துக்கு முன் நம் வயலை ஒட்டி அரை ஏக்கர் சொந்தமாக வாங்கினான். அவன் வம்சத்தில் முதல் நிலம். நாற்று விட்டு விற்பதில் கெட்டிக்காரன். இப்போது அவன் நாற்றை ஒருவரும் தொடுவதில்லை. அவன் மனைவி ஒச்சாயியை நடவுக்கும் கூப்பிடுவதில்லை. கையில் சீக்கு ஒட்டியிருக்கிறதாம். இது பச்சைத் தத்துப்பூச்சி பரப்பும் நோய், மனிதர் கையில் ஒட்டாது என்று தொண்டை வறளச் சொல்லிவிட்டேன். யார் கேட்கிறார்கள்?

போன வாரம் காளவாசல் பூச்சிமருந்துக் கடையில் ஒருவன், “சின்னக்கருப்பனுக்கு ஒரு டப்பா மருந்து குடுங்கண்ணே” என்றானாம். கடைக்காரர் விருமாண்டி, “வயல்ல நிக்கிறவனுக்கா, இந்தா உம் பின்னால நிக்கிறவனுக்கா மாப்ள?” என்றாராம். கடையே சிரித்ததாம். சின்னக்கருப்பனும் கூடவே சிரித்துவிட்டு, வாங்கப் போனதை வாங்காமலே திரும்பியிருக்கிறான். இதைச் சொன்ன ஒச்சாயி, “ஊரே எங்க வீட்டு ஆளு பேரைச் சொல்லி விஷம் அடிக்குதும்மா. தை பொறந்ததும் நெலத்தைக் குடுத்துட்டுத் திருப்பூருக்குப் போறோம்” என்றாள். வாய்ப்பேச்சு என்றால் இரண்டு போகத்தில் மறந்துபோகும். நீ அதை அச்சில் ஏற்றி, ஊர் ஊராகச் சுவரில் ஒட்டப்போகிறாய்.

இந்தப் பெயரின் தோற்றம் தெரியவில்லை என்று உன் குறிப்பில் இருக்கிறது. எனக்குத் தெரியும். ஐப்பசியில் நோய் கண்ட பயிரைப் பொட்டலம் கட்டி வேளாண்மை அலுவலருக்குக் கொடுத்தனுப்பியது நான். அதன்மேல் ‘சின்னக்கருப்பன் வயல்’ என்று எழுதியதும் நான். சிஸ்டர் பிரம்பை வைத்துக்கொண்டு பழக்கிய குண்டு எழுத்து. யாரும் தப்பாகப் படிக்க வழியில்லை. அலுவலர் விவசாயிகள் கூட்டத்தில் பொட்டலத்தைத் தூக்கிப் பிடித்து உரக்கப் படித்தார். அன்று சாயங்காலமே ஊரில் சீக்குக்குப் பெயர் கிடைத்துவிட்டது.

அந்தப் பயிரை நான் பிடுங்கியது என் வயலில். அவன் வயலில் அன்று ஓர் இலைகூட நிறம் மாறவில்லை. உன் மச்சான் போனபிறகு இந்த வயலை ஒரு பொம்பளை நடத்திக் கிழித்துவிடுவாளோ என்று பேசியவர்கள் எல்லாம் அந்தக் கூட்டத்தில் முன்வரிசையில் உட்காருவார்கள் என்று எனக்குத் தெரியும். இதற்குமேல் காரணம் எழுதமாட்டேன். இரண்டு வயலுக்கும் நடுவே ஒரு வரப்புதான். நான் பிடுங்கியதை அவன் பார்த்திருப்பான். இன்றுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த வரியை எடுத்துவிடு. ஏதாவது பெயர் போட்டே தீரவேண்டும் என்று உன் மேலதிகாரி சொன்னால், இந்தப் பக்கம் முதலில் கண்டது பாண்டியம்மாள் வயலில் என்று போடட்டும். வரியை நீக்கியதையும், நோய் முதலில் யார் வயலில் கண்டது என்பதையும் இலாகா தாளில் முத்திரை வைத்து எழுது. என் பெயருக்கு வேண்டாம், சின்னக்கருப்பன் பெயருக்கே அனுப்பு. அவனுக்கு வரும் கடிதங்களை என்னிடம்தான் கொண்டுவந்து படிக்கச் சொல்வான். நான் படித்துக் காட்டுகிறேன்.

நீயும் முத்துத்தாயும் குறைவில்லாமல் இருங்கள். போனில் சொல்லாதே, ஆள் மூலம் சொல்லி அனுப்பாதே. தை பிறப்பதற்குள் எழுத்தில் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா
பாண்டியம்மாள்