பரஸ்தானம் போன புஸ்தக மூட்டை

வீராம்பட்டினம்,
தாது வருஷம், மாசி மாதம்.

சைகோன் பட்டணத்தில் இருக்கும் சிரஞ்சீவி கண்ணையனுக்கு உன் அப்பா மனம் நிறைய ஆசீர்வாதம் செய்து எழுதுவது. அங்கே உன் உடம்பும் உத்தியோகமும் நன்றாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் க்ஷேமம் என்று எழுதினால் பொய், க்ஷேமமில்லை என்று எழுதினால் உன் அம்மா பேனாவைப் பிடுங்கிக்கொள்வாள், ஆகையால் முக்கால் க்ஷேமம் என்று வைத்துக்கொள். காகிதத்தின் தலைப்பில் பாகூர் என்று இல்லாமல் வீராம்பட்டினம் என்று இருப்பதைப் பார்த்துப் பயப்படாதே, நிலத்தை விற்றுவிட்டு மீன் பிடிக்க வந்துவிடவில்லை.

மார்கழியில் உன் அம்மாவுக்கு வந்த காய்ச்சல் போய்விட்டது என்று முன்பே எழுதியிருந்தேன். போனது நிஜம்தான், ஆனால் போகும்போது அவளுடைய பசியையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், இரண்டு மடக்கு கஞ்சி குடித்துவிட்டு வயிறு நிறைந்துவிட்டது என்கிறாள், கையில் வளையல் நிற்பதில்லை. புதுச்சேரி டாக்டர் பார்த்துவிட்டு, இனி மருந்து வேண்டாம், சித்திரை பிறக்கும் வரை கடற்கரையில் கொண்டுபோய் உட்கார வையுங்கள், மாட்டுக்கொட்டிலும் அடுப்பும் கண்ணில் படக் கூடாது, பொழுது போக நல்ல புஸ்தகங்களாகக் கொண்டுபோங்கள் என்றார். பிறகு என்னை மட்டும் தனியே அழைத்து, இந்த அம்மாள் சாப்பிட ஆரம்பிக்காவிட்டால் இன்னொரு காய்ச்சலை உடம்பு தாங்காது என்று சொன்னார். அதை அவளிடம் நான் சொல்லவில்லை, நீயும் பதிலில் அந்தப் பேச்சை எடுக்காதே.

புஸ்தகம் பொறுக்கும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன், வீட்டில் படித்தவன் நான்தானே. என் படிப்பின் அளவு உனக்குத் தெரியாததா, பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு வாத்தியாரும் நானும் ஒருவரையொருவர் கைவிட்டோம். ஆனாலும் ஊரில் எனக்குப் பிரெஞ்சு தெரிந்தவர் என்று ஒரு பெயர் இருக்கிறது, நானும் அதை மறுத்துப் பேசியதில்லை. மாடுகளுக்கு வைத்தியம் சொல்லும் வாகடம் ஒன்று, வில்லியனூர்த் தேரின்போது வாங்கி இன்னும் தாள் பிரிக்காத வேதாந்தப் புஸ்தகம் ஒன்று, பெரிய எழுத்துப் புராணக் கதைகள் ஒரு கட்டு, இவற்றை எடுத்து வைத்தேன். உன் அம்மா வேதாந்தத்தைக் கையில் வாங்கிக் கனம் பார்த்துவிட்டு, கடக்காத்துல பாய் பறக்காம இருக்க மேல வெக்கலாம் என்றாள். பிறகு ஒரு சட்டம் போட்டாள், எவனாவது சாவற கதை ஒண்ணும் வாணாம், ரெண்டு மாசமா அதே நெனப்பாக் கிடந்துட்டேன் என்றாள். சரி என்று நானும் உன் தங்கை ஆதிலட்சுமியும் உட்கார்ந்து, எந்தப் புஸ்தகத்தில் சாவு இல்லை என்று தேடினோம். அப்பப்பா, அந்தத் தேடல் இருக்கிறதே! புராணத்தில் சாமியே தினம் நாலு பேரைக் கொல்கிறார். மாட்டு வாகடத்தில் இரண்டாம் பக்கத்திலேயே பசு செத்துவிட்டது. வேதாந்தத்தில் யாரும் சாகவில்லையே என்று சந்தோஷப்பட்டால், அதில் யாரும் பிறக்கவே இல்லை. கடைசியில் வைரம் திருட்டுப் போகிற ஒரு துப்பறியும் நாவலும், சமையல் புஸ்தகமும், கல்யாண நலங்குப் பாட்டுப் புஸ்தகமும் தேறின. நாவலில் திருடன் யார் என்று தெரிந்துகொள்ள உன் அம்மாவுக்கும் ஆசை வந்துவிட்டது.

அடுத்த சங்கடம் நாள். வண்டிக்காரர் புதன்கிழமைதான் வர முடியும் என்றார், புதன்கிழமை வடக்கே சூலம், நாங்கள் போவதோ வடக்கே. ஆகவே திங்கட்கிழமை நல்ல நேரத்தில் ஏதாவது ஒரு சாமானைப் பரஸ்தானமாகப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் அன்றைக்கே பயணம் புறப்பட்டதாகக் கணக்கு, புதன்கிழமை போகிற போக்கில் அதை வண்டியில் ஏற்றிக்கொண்டால் போதும். எல்லோரும் குடையையோ வேட்டியையோ வைப்பார்கள். நான் மூளைக்காரன் அல்லவா, எதை வெளியே அனுப்பினால் உன் அம்மா பின்வாங்க மாட்டாளோ அதைத்தான் வைக்க வேண்டும் என்று புஸ்தகங்களை மூட்டையாகக் கட்டி, மேலே மஞ்சள் தடவி, பக்கத்து வீட்டு அரங்கநாதனிடம் வைத்துவிட்டு வந்தேன். பரஸ்தானம் போன சாமான் திரும்ப வீட்டுக்குள் வரக் கூடாது என்பதால் அவள் மனசு மாறவும் வழியில்லை என்று எனக்குள்ளே சிரித்துக்கொண்டேன்.

புதன்கிழமை வண்டி வந்தது. பானை, பாய், தகரப் பெட்டி, அரிசி மூட்டை எல்லாம் ஏறின. அரங்கநாதன் வாசலுக்கே வந்து, மாட்டைப் பத்தி ஒண்ணும் கவலப்படாத, நான் பாத்துக்கறேன், போயிட்டு வா என்று வழியனுப்பினான், நானும் கண் கலங்கக் கும்பிட்டேன். தவளக்குப்பம் வந்த பிறகு ஆதிலட்சுமி மெதுவாக, அப்பா, பொஸ்தக மூட்ட எங்க என்று கேட்டாள். மூட்டை அரங்கநாதன் வீட்டு நெற்குதிர்மேல் சுகமாக உட்கார்ந்திருந்தது. வண்டியைத் திருப்பச் சொல்ல வாயைத் திறந்தேன். உன் அம்மா என் முகத்தைப் பார்த்து, திருப்பறதுன்னா திருப்புங்க, ஆனா வூட்டு வாசலப் பாத்துட்டா நான் எறங்கிடுவேன், மறுபடி ஏற மாட்டேன் என்றாள். டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. புஸ்தகம் கிடக்கட்டும், ஓட்டப்பா என்றேன். நல்ல நேரத்தில் புறப்பட்ட புஸ்தகங்கள் பாகூரிலேயே தங்கிவிட, கெட்ட நேரத்தில் புறப்பட்ட நாங்கள் அரியாங்குப்பம் தாண்டிப் பத்திரமாக வந்து சேர்ந்தோம்.

இங்கே காசம்மாள் என்ற மீனவப் பெண்மணியின் வீட்டில் பின்கட்டு எங்களுக்கு. நல்ல மனுஷி, வாய் மட்டும் கடல் அலை மாதிரி, ஓயாது. வந்த புதிதில் உன் அம்மா மணலில் உட்கார்ந்து கடலைப் பார்த்ததோடு சரி. காசம்மாள் சுடச்சுட நெத்திலிக் குழம்பு வைத்துக் கொடுத்தால் மூக்கை மூடிக்கொள்வாள். பிறகு ஒருநாள், இன்னா இருக்குது இங்க, தண்ணியும் மணலுந்தான, படிக்கக்கூட ஒண்ணும் இல்ல, வூட்டுக்குப் போவலாம் என்று பாயைச் சுருட்ட ஆரம்பித்தாள். அவசரத்தில் தகரப் பெட்டியைக் கவிழ்த்துத் தேடினேன். அடியில் சேலைக்குத் துரு ஏறாமல் இருக்க ஆதிலட்சுமி போட்டு வைத்திருந்தது, போன வருஷம் நீ அனுப்பிய, நீ வேலை பார்க்கும் கடையின் படம் போட்ட விலைப் புஸ்தகம். முழுக்கப் பிரெஞ்சு. இதோ கதைப் புஸ்தகம், பிரெஞ்சுக் கதை, யாரும் சாக மாட்டார்கள் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அதைப் படித்துக் காட்ட வேண்டுமே என்பது உறைத்தது.

உன் கடை முதலாளி மன்னிக்க வேண்டும். முதல் பக்கத்தில் சைக்கிளில் உட்கார்ந்திருந்த மீசைக்காரத் துரைக்கு மிசியே பொம்பார் என்று பெயர் வைத்தேன். மூன்றாம் பக்கத்தில் குடை பிடித்திருந்த சீமாட்டிமேல் அவருக்குக் காதல் வந்தது. சோப்புப் பக்கத்தில் குளித்துவிட்டு, தொப்பிப் பக்கத்தில் தொப்பி வாங்கிக்கொண்டு, பெண் கேட்கப் போனார். இடையிடையே எனக்குத் தெரிந்த நாலு பிரெஞ்சு வார்த்தையை உரக்கப் படித்து ஊறுகாய் மாதிரி சேர்த்துக்கொண்டேன். மறுநாள் சாயங்காலம் காசம்மாள் வலை பின்னும் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டாள். ஏண்ணே, உங்காளு கடலுக்கே போவ மாட்டானா, அவன் இன்னா ஆம்பள என்று கேட்டாள். புஸ்தகத்தை மூன்று தடவை புரட்டினேன், ஒரு ஓடம்கூட இல்லை. கடைசியில் குளியல் தொட்டி ஒன்று அகப்பட்டது. மிசியே பொம்பார் மாமனாரோடு கோபித்துக்கொண்டு அந்தத் தொட்டியில் ஏறிக் கடலில் போனார் என்றேன். காசம்மாள் படத்தை வாங்கி ஏற இறங்கப் பார்த்து, இந்தத் தொட்டி மொத அலைக்கே கவுந்துடும், அடியில ஓட்ட வேற வெச்சிருக்கான் பாரு, எந்தக் கூறுகெட்ட ஆசாரி செஞ்சான் இத என்று திட்டினாள். ஓட்டையை எதால் அடைப்பது என்று பெண்களுக்குள் சண்டையே வந்துவிட்டது. மாமனாரின் தொப்பியால் அடைத்தார் என்று நான் தீர்ப்புச் சொன்னேன்.

அப்போது உன் அம்மா சிரித்தாள், கண்ணையா. விலாவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, போதும் போதும் என்று சிரித்தாள். மார்கழிக்குப் பிறகு அந்தச் சத்தத்தை நான் கேட்கவில்லை. விளக்கு வைத்ததும், காசம்மா, அந்த நெத்திலி இருந்தாக் கொஞ்சம் ஊத்து என்று தானே கேட்டு வாங்கிச் சோறு பிசைந்து சாப்பிட்டாள், இன்னொரு கரண்டியும் கேட்டாள். நான் எழுந்து வெளியே போய்க் கடலைப் பார்ப்பதுபோல் நின்றுகொண்டேன். அவள் ஆதிலட்சுமியிடம், உங்கப்பாவுக்கு அதுல ஒரு எழுத்து புரியல, ஆனா நீ வாயத் தொறக்காத, நல்லாப் படிக்கிறாரு என்று சொன்னது என் காதில் விழத்தான் செய்தது.

இப்போது தினம் கதை, தினம் சோறு. அரங்கநாதனும் பாகூர் ஆள் ஒருவனிடம் சொல்லி அனுப்பியிருக்கிறான், மூட்டையைப் பிரித்து நாவலை முடித்துவிட்டானாம், திருடன் யார் என்று சொல்லட்டுமா என்று கேட்கிறான். திருடன் பேரச் சொன்னா மாட்டுக்குத் தண்ணி காட்றதுகூட வாணாம்னு சொல்லுங்க என்று உன் அம்மா பதில் அனுப்பினாள்.

இனித்தான் உன்னிடம் கேட்க வேண்டிய காரியம். உன் விலைப் புஸ்தகம் நேற்றோடு தீர்ந்துபோயிற்று. கடைசி நாலைந்து தாள்களைப் பெட்டித் துரு தின்றுவிட்டது. மிசியே பொம்பார் இன்னும் தொட்டியில்தான் இருக்கிறார். வெறுமனே கரை சேர்ந்தார் என்று முடித்துப் பார்த்தேன், படம் எங்கே என்று எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். சித்திரையில் ஊருக்குப் போக வேண்டுமே என்றால் உன் அம்மா, யாரு பெத்த புள்ளையோ, நடுக்கடல்ல வுட்டுட்டு நான் வண்டி ஏற மாட்டேன் என்கிறாள். சொல்லிவிட்டு வெகுநேரம் கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆகையால் இந்த வருஷத்து விலைப் புஸ்தகத்தை முதல் கப்பலிலேயே அனுப்பி வை. ஓடமோ கப்பலோ படம் இருக்கிறதாகப் பார்த்து அனுப்பு. அப்படி ஒன்று உங்கள் கடையில் இல்லையென்றால், முதலாளியிடம் லீவு கேட்டு நீயே ஒரு கப்பலில் ஏறி வந்துவிடு. உன் அம்மாவுக்கு யாராவது ஒருவர் கரை சேர்ந்தால் போதும்.

எண்ணெய் தேய்த்துக் குளிக்க மறக்காதே, அந்த ஊர் மழையில் நனையாதே. அம்மா, ஆதிலட்சுமி, காசம்மாள் எல்லோருடைய ஆசையும் ஆசீர்வாதமும் இந்தக் காகிதத்தோடு வருகின்றன. தீர்க்காயுசாக இரு. அந்தப் புஸ்தகத்தை மட்டும் மறந்துவிடாதே.

இப்படிக்கு,
பிரெஞ்சு தெரிந்த உன் அப்பா
சிவப்பிரகாசம்