தாளின் பின்பக்கம்

பிப்ரவரி 9

என் அவசரக்குடுக்கைத் தம்பிக்கு,

நான் நலம். நீ நலமா என்பதைக் கடிதம் எழுதினால்தானே தெரிந்துகொள்ள முடியும்?

வருடாந்திரப் பரிசோதனைக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். வலது நுரையீரலின் கீழே வட்டமாக ஒரு வெள்ளைப் புள்ளி. பழைய புற்றுநோய் நெஞ்சுக்குள் இறங்கிவிட்டதோ என்று இங்குள்ள டாக்டருக்குச் சந்தேகம். ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார். எக்ஸ்ரே பார்க்கிற டாக்டராக நம் வீட்டிலேயே நீ இருக்கும்போது ஊராரை ஏன் கேட்க வேண்டும்? படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். நீ சொன்னபடி செய்கிறேன்.

அக்கா

பிப்ரவரி 20

அன்புள்ள அக்கா,

பயப்பட ஒன்றுமில்லை. அது கட்டியே இல்லை; மார்புக் காம்பின் நிழள். படத்தில் அப்படி விழுவது சகஜம். புதிதாகப் படிக்க வருகிறவர்கள்தான் அதைப் பார்த்து ஏமாறுவார்கள். ஒரு நாளைக்கு நூறு படம் பார்க்கிறவன் சொல்கிறேன், ஸ்கேன் வேண்டாம். உன் டாக்டரிடமும் சொல்லிவிடு.

தம்பி

மார்ச் 3

அவசரக்குடுக்கைக்கு,

என் வயிற்றில் பால் வார்த்தாய். ஆனால் அதென்னடா 'நிழள்'? ள இல்லை, ல. அச்சகத்தில் இருபது வருடமாகப் பிழை திருத்துகிறவளின் தம்பி இப்படி எழுதலாமா? கீழே அந்தச் சொல்லை எழுதிச் சிவப்பு மையால் வட்டம் போட்டிருக்கிறேன். நூறு தடவை எழுதிக் காட்டு.

(பின்பக்கம் பார்)

இதை நேரில் கேட்கக் கூச்சமாக இருக்கும். எனக்கு வலது மார்பை எடுத்து மூன்று வருடம் ஆகிறதே, இல்லாத காம்புக்கு நிழல் விழுமா? உனக்குத் தெரியாததா! இருந்தாலும் ஒரு வரி எழுது.

அக்கா

மார்ச் 15

அக்கா,

நிழல், நிழல், நிழல். மீதி தொண்ணூற்றேழையும் நேரில் வந்து எழுதுகிறேன். கடல் தாண்டி வந்தும் உன் சிவப்புப் பேனா என்னை விடாது போலிருக்கிறது. இங்கே வேலை தலைக்கு மேல்.

தம்பி

நவம்பர் 2

தம்பிக்கு,

ஆறு வாரமாக இருமல் நிற்கவில்லை. இந்தமுறை உன்னைக் கேட்காமல் ஸ்கேன் எடுத்துக்கொண்டேன். இரண்டு நுரையீரலிலும் சட்டைப் பொத்தான்களை இறைத்தது போலப் பெரிதும் சிறிதுமாகப் பதினோரு உருண்டைகள். விலா எலும்பு ஒன்று அரித்துப்போயிருக்கிறது. வலது பக்கம் நீர் கோத்திருக்கிறது. முதலில் வந்தது எது என்று கேட்டேன். உன் நிழலைத்தான் காட்டினார்கள். இப்போது அது எலுமிச்சை அளவு.

அன்று டாக்டரிடம் "தம்பி ஸ்கேன் வேண்டாங்கிறான்" என்று மட்டும் சொல்லியிருந்தேன். காரணத்தை இப்போதுதான் சொன்னேன். அவர் கணினியில் பழைய படத்தைத் திறந்தார்.

"மார்பே இல்லாத பக்கத்துல காம்பு நிழல் எப்படிம்மா விழும்? இங்க பாருங்க, இந்தப் பக்கம் மட்டும் கறுப்பா இருக்கு. மார்பை எடுத்தாச்சுன்னு படமே சொல்லுதே!"

இதைத்தானே மார்ச்சில் நானும் கேட்டேன்? நீ பதில் எழுதாததால், அசட்டுத்தனமாகக் கேட்டுவிட்டேன் என்று எண்ணிக்கொண்டேன்.

அக்கா

நவம்பர் 14

அக்கா,

மார்ச் கடிதத்தை இன்றுதான் திருப்பிப் பார்த்தேன். அன்று சிவப்பு வட்டத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு உறைக்குள் போட்டுவிட்டேன். உனக்கு அறுவை சிகிச்சை நடந்தது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் படத்தைக் கையில் எடுத்தபோது உன் ஞாபகம் வரவில்லை. நூறில் ஒன்றாகத்தான் பார்த்தேன். உன் காலில் விழுகிறேன். டிசம்பர் பதினைந்தாம் தேதிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். வராதே என்று மட்டும் சொல்லிவிடாதே.

தம்பி

நவம்பர் 25

டாக்டர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தில் இந்தமுறை ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை. அந்த நிதானம் பிப்ரவரியில் இருந்திருக்கலாம்.

தப்பு என்மேலும் இருக்கிறது. ஊரார் எழுத்தில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் பிடித்துவிடுவேன். என் நெஞ்சில் இருந்த புள்ளியை உங்களை நம்பி விட்டுவிட்டேன்.

எனக்கு ஆத்திரம் ஆறவில்லை. ஆறும்வரை காத்திருக்க நாளும் இல்லை. டிக்கெட்டை ரத்து செய்துவிடுங்கள். நீங்கள் என் படத்தைப் பார்த்ததே போதும்.

இப்படிக்கு,
நூறில் ஒருத்தி

பின்பக்கம் ஒன்றும் எழுதவில்லை.