காஜா மட்டும்தான் பாக்கி

மாப்ள,

போன வாரம் ஓசூர் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். மைதாப் பசையின் புளித்த வாசனை மூக்கில் ஏறவும் திரும்பிப் பார்த்தேன். கழுத்தில் இஞ்ச் டேப்பைப் போட்டுக்கொண்டு, ஒரு காலைத் தூக்கி, அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தான் நம் தையல்காரன். ஐந்தாம் பாகம். மீசைக்கும் தலைக்கும் தாராளமாக மை பூசியிருந்தார்கள். வருமா வருமா என்று நீ வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்த படம், நீ போய்ச் சேர்ந்த பிறகு சாவகாசமாக வந்து நிற்கிறது. எனக்கு முதலில் வந்தது கோபம்தான்.

நைட் ஷிப்ட் முடித்து, யூனிபாரத்தைக்கூட மாற்றாமல் காலைக் காட்சிக்குப் போவோமே, நினைவிருக்கிறதா? அந்தச் சீனச் சண்டைப் படங்கள் நம் தியேட்டருக்குத் தெலுங்கில்தான் வரும். எல்லையோர ஊரில் அதெல்லாம் சகஜம். நீ திருநெல்வேலிக்காரன், தெலுங்கில் ஒரு வார்த்தை தெரியாது. எங்கள் வேப்பனப்பள்ளி வீட்டிலோ பேச்சே தெலுங்குதான். முறையாகப் பார்த்தால் நான்தான் உனக்கு அர்த்தம் சொல்லியிருக்க வேண்டும். நீ விட்டால்தானே.

முதல் பாகத்தில் வில்லன் கடைக் கதவை உதைத்துக்கொண்டு உள்ளே வந்து, "உன் அப்பனைக் கொன்றது நான்தான்" என்று தெலுங்கில் உறுமினான். நீ நம் வரிசைக்கே கேட்கும்படி எடுத்துவிட்டாய். "ஏல, தீவாளிக்குத் தாரேன்னு சொன்னேல்லா, எங்கல என் சட்ட?" தையல்காரன் மேஜை மேல் தாவி ஏறி ஏதோ சவால் விட்டான். நீ குரலைக் குழைத்தாய். "காஜா மட்டுந்தான் பாக்கி அண்ணாச்சி. நாளைக்கு வாங்க."

தூங்கி வழிந்த வரிசை மொத்தமும் எழுந்து உட்கார்ந்தது. நம் ஷிப்ட்டுக் கன்னடக்காரன் சீனப்பாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. "சரிதானல?" என்று என்னைக் கேட்டாய். "அட்சரம் பிசகாம அதான் சொல்றான்" என்றேன்.

அதிலிருந்து நான்காம் பாகம் வரை நமக்கு அந்தச் சட்டையின் கதைதான். கப்பலில் துரத்தினாலும் பனிமலையில் துரத்தினாலும் அண்ணாச்சி ஒருவர் சட்டை கேட்டுத்தான் வந்தார். தெலுங்கு தெரிந்த நான் சொல்கிறேன், அந்த அசல் கதை வெறும் உப்புச்சப்பில்லாத பழிவாங்கல். உன் கதைதான் கதை. "பாஷ தெரியாதவனுக்குத்தாம்ல படம் நல்லாப் புரியும்" என்பாய். அதில் எனக்கு இன்றைக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

நீ இல்லாமல் அந்தப் படத்துக்குப் போவதில்லை என்றுதான் இருந்தேன். உன் வீட்டுக்காரியிடமிருந்து போன் வந்தது. "அண்ணே, அவிய படம் வந்திருக்காமே. என்னயும் கூட்டிட்டுப் போறியளா?" நீ இருந்த காலத்தில் ஒருநாளும் தியேட்டர் பக்கம் வராதவள் தங்கச்சி. மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? சீனப்பாவையும் சேர்த்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்குப் போனோம்.

வாசலில் வைத்து அவள் கேட்டாள். "இந்தத் தடவயாவது அந்தச் சட்டையக் குடுத்துருவானாண்ணே?"

எனக்கு நடை நின்றுவிட்டது. நான்கு படத்தையும் நீ வீட்டில் ஆடிக் காட்டியிருக்கிறாய். கழுத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு, கட்டில் மேல் ஏறி நின்று எல்லாம் செய்வாயாம். அதைச் சொல்லும்போது, நீ போன பிறகு முதல்முறையாக அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் பார்த்தேன். அப்படியே திரும்பிப் போய்விடலாமா என்று பார்த்தேன். ஏனென்றால் இந்தப் பாகத்தை ஒழுங்காகத் தமிழிலேயே பேச வைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். அவள் காதாலேயே கேட்டுவிட்டால், நீ இத்தனை வருடம் சொன்னது எல்லாம் புளுகு என்று ஆகிவிடும். ஆளைத்தான் பறிகொடுத்தோம், ஆள் சொன்ன கதையுமா போக வேண்டும்?

படமாவது நன்றாக இருந்ததா? அதுவும் இல்லை. தையல்காரனுக்கு வயதாகிவிட்டது, பாவம். அதைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் தாவ வேண்டிய இடத்தில் எல்லாம் முகம் காட்டாமல் வேறு ஒருவன் தாவினான். சிரிக்க வேண்டிய இடத்தில் பேரப்பிள்ளைக்குப் புத்திமதி. "நீதி என்றேனும் வெல்லும், கண்ணே" என்று மேடைப் பேச்சுத் தமிழ் வேறு. "இன்னாப்பா இது, ஆள் ஏற மாட்டேங்கறான், கேமராதான் ஏறுது" என்றான் சீனப்பா. முன்வரிசையில் கம்பெனிப் பையன்கள் கும்பல் ஒன்று போனை எடுத்து நோண்ட ஆரம்பித்துவிட்டது. பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். தங்கச்சி என் பக்கம் சாய்ந்தாள். "சட்டயப் பத்திப் பேச்சே காணுமேண்ணே."

அந்த நேரம் பார்த்து வில்லன் வந்தான். நான் தொண்டையைச் செருமினேன். மேடையேறி இரண்டு வார்த்தை பேசச் சொன்னால் கடைசி வரிசைக்கு ஓடுகிறவன் நான், உனக்குத் தெரியும். "என்னப்பா, என் சட்டை இன்னா ஆச்சு?" என்றேன். எங்கள் ஊர்ப் பேச்சில், மெல்லிய குரலில். ஒருவரும் சிரிக்கவில்லை. முன்வரிசைப் பையன் ஒருவன் திரும்பி முறைத்தான்.

விடுவேனா? மூச்சை இழுத்துக்கொண்டு உன் ஊர்ப் பேச்சுக்கே போய்விட்டேன். "ஏல, எனக்குப் பேரன் பொறந்துட்டாம்ல. இன்னும் என் சட்ட வரலயே!"

சீனப்பாவும் விடவில்லை. தையல்காரன் வாயைத் திறந்ததும், "காஜா மட்டுந்தான் பாக்கி அண்ணாச்சி" என்று கன்னட வாடையோடு ஒரு திருநெல்வேலித் தமிழை இறக்கினான். முறைத்த பையனே முதலில் சிரித்தான். "அண்ணா, இன்னும் சத்தமா சொல்லுங்க" என்றான். அப்புறம் என்ன, ஸ்பீக்கரில் வந்த நீதியும் தர்மமும் யார் காதிலும் விழவில்லை. மாடிப்படியில் இருபது பேர் துரத்தினால் இருபது பேருக்கும் சட்டை பாக்கி. வெளியே போனவர்கள் சத்தம் கேட்டு உள்ளே திரும்பி வந்தார்கள். சண்டை வரும்போதெல்லாம் அந்தப் பையன்கள் கூட்டமாகக் கத்தினார்கள், "நாளைக்கு வாங்க!"

கடைசிக் காட்சியில் தையல்காரன் வில்லனிடம் பட்டுத்துணியில் சுற்றிய ஒன்றை நீட்டினான். ஏதோ பரம்பரை முத்திரையாம். தியேட்டரே திரும்பி என்னைப் பார்த்தது. நான் எழுந்து நின்றேன், மாப்ள. "இந்தாங்க அண்ணாச்சி உங்க சட்ட. காஜா எடுத்தாச்சு" என்றேன். அப்படி ஒரு விசிலை நம் நான்கு பாகத்திலும் நாம் கேட்டதில்லை. செத்த படத்தை எழுப்பி நடக்க வைத்துவிட்டோம். எனக்கு அன்று உடம்பெல்லாம் கர்வம்.

விளக்குப் போட்டார்கள். தங்கச்சி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அழுததா சிரித்ததா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"நல்லாத்தாண்ணே முடிச்சிய" என்றாள். "ஆனா அவியளா இருந்தா, சட்ட அளவு சரியில்லன்னு அண்ணாச்சிய மறுபடியும் கடைக்கு அனுப்பியிருப்பாவ."

எனக்குச் சுருக்கென்றது. "படத்துல சட்டையே இல்லன்னு உனக்குத் தெரியுமாம்மா?"

"அவியளுக்குத் தெலுங்கு தெரியாதுன்னு எனக்குத் தெரியாதாண்ணே? உங்களுக்கு அந்தக் கதை மறந்திருக்குமோன்னுதான் வந்தேன்."

ஐந்தாம் பாகம் இரண்டாவது வாரத்தைப் பார்க்கவில்லை. தியேட்டரில் வேறு படம் போட்டுவிட்டார்கள். ஆறாம் பாகத்தை இனி யாரும் எடுக்கப் போவதும் இல்லை. அது அவர்கள் கவலை. நேற்று தங்கச்சி போன் செய்தாள். "அண்ணே, சட்டக் கை நீளமாப் போச்சாம். அண்ணாச்சி ஆள் கூட்டிக்கிட்டுக் கப்பல் ஏறிட்டாராம்."

இன்று மத்தியானம் கேன்டீனில் அதைத்தான் சொன்னேன். சோற்றில் கை வைத்தபடி எட்டு மேஜையும் கேட்டது. என் வாயில் வந்தது உன் குரல்.