குண்டு இருக்க வேண்டிய இடம்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

காலையில் எழுந்ததும் பல்கூடத் தேய்க்காமல், நீ அனுப்பிய இடுப்பு எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் தினமும் யார் யாருக்கோ எடுக்கிறேன். உன் எலும்பைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். இவ்வளவு தேய்மானத்தோடா மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தாய்?

ஒரு சந்தேகம். படத்தில் வட்டமாக ஒரு குண்டு தெரிகிறது. எக்ஸ்ரேயில் எதுவும் கொஞ்சம் பெரிதாகத்தான் விழும். எவ்வளவு பெரிது என்பதை, அளவு தெரிந்த அந்த உலோகக் குண்டை வைத்துக் கணக்கிட்டுத்தான் டாக்டர் புது மூட்டின் அளவை முடிவு செய்வார். அது எலும்பின் உயரத்திலேயே, தொடையை ஒட்டி இருக்க வேண்டும். உனக்கு எங்கே வைத்தார்கள்?

உன் குட்டி

மார்ச் 9

அன்புள்ள குட்டி,

குண்டு என்று நீ எழுதியதைப் படித்து உன் அத்தான் வீட்டைவிட்டு ஓடாத குறை.

படம் எடுத்தவர் ஆண். "இதைத் தொடைப் பக்கம் வைக்கணும்மா" என்றார். "அதெல்லாம் வேணாம், மேஜையிலயே வைங்க" என்று சொல்லிவிட்டேன். அவரும் தப்பித்தோம் என்று வைத்துவிட்டார். இதற்காக மறுபடியும் போய்ப் படுக்க வேண்டுமா? அடுத்த வாரம் ஆபரேஷன். நீ லீவு போட்டுக்கொண்டு வராதே. எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கிறேன்.

அக்கா

மார்ச் 13

அன்புள்ள அக்காவுக்கு,

குண்டு மேஜையில் இருந்தால், எலும்பு பெரிதாகத் தெரியும் அளவுக்கு அது பெரிதாகத் தெரியாது; அதனால் உன் எலும்பு உள்ளதைவிடப் பெரிதாகக் கணக்காகும். டாக்டரின் திட்டமும் பெரிய அளவில் போகும். ஆபரேஷனின்போது அளந்து திருத்துவார்தான்; ஆனால் உன்னை அங்கே கிடத்திவைத்து அவர் ஏன் தேட வேண்டும்?

நேற்று எங்கள் எக்ஸ்ரே அறையில், யார் என்று சொல்லாமல் இதைப் பேசினேன்.

"பொம்பளைங்க ஒத்துக்க மாட்டாங்க மேடம்."

"காரணத்தைச் சொல்லி ஒருதரமாவது கேட்டிருக்கீங்களா?"

இனி முதலில் காரணத்தைச் சொல்வது, பிறகு போர்வைக்கு மேலாகவே எலும்பைத் தொட்டுப் பார்த்து, அதே உயரத்தில் தொடைக்கு வெளிப்பக்கம் குண்டை வைப்பது என்று முடிவானது. உனக்கும் அப்படியே செய்யலாம். டாக்டரிடம் இன்னொரு படம் கேட்போம்.

தொட விடக் கூச்சம், வலிக்கிறது என்று சொல்லவும் கூச்சம். வெளியாட்களிடம் இருக்கட்டும் அக்கா. என்னிடமுமா?

இந்தக் கடிதத்தை நான் தபாலில் போடப்போவதில்லை. நாளைக் காலை முதல் பஸ்ஸில் கையோடு கொண்டுவருகிறேன். நான் கிளம்புவதை இங்கே வீட்டில்கூட இன்னும் சொல்லவில்லை.

உன் குட்டி