போரில் யாரும் சாகவில்லை

ஜூன் 3
எங்கள் பள்ளியே அச்சிடும் எட்டாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தில் கிறிஸ்தவர்–முஸ்லிம் உறவு பற்றிய பாடத்தை நானும் சாரும் சேர்ந்து எழுதுகிறோம். ஆசிரியர் அறையில் பக்கத்து மேஜைக்காரர், பதினான்கு வருடப் பழக்கம். கிறிஸ்தவர்கள் செய்த அநியாயத்தைக் கிறிஸ்தவளான நான் எழுதுவது, முஸ்லிம்கள் செய்ததை முஸ்லிமான அவர் எழுதுவது என்று முடிவு. “அவங்கவங்க வீட்டுக் குப்பைய அவங்கவங்களே அள்ளுவோம் டீச்சர்” என்றார்.

ஜூன் 9
1099இல் சிலுவைப் போர்வீரர்கள் ஜெருசலேமில் நடத்திய படுகொலை. நான்கே வரி. எழுதிவிட்டு ஞாயிறு ஆராதனையில் தலைநிமிர முடியவில்லை.

ஜூன் 12
சரிபார்க்கத் தாள்களை மாற்றிக்கொண்டோம். 1453இல் கான்ஸ்டான்டிநோபிளைப் பிடித்துச் சூறையாடியதை சார் ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருக்கிறார். பாவம், எவ்வளவு வலித்திருக்கும்? ‘சூறையாடினர்’ என்பதை ‘நகருக்குள் நுழைந்தனர்’ என்று மாற்றிவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை.

ஜூன் 16
தலைமையாசிரியை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “முன்னூறு வருஷத்துக்கு மேல சண்டை போடுறாங்க. ஒருத்தர்கூடவா சாகல?”
தூக்கிவாரிப் போட்டது. என் நான்கு வரியைக் காணோம்! ‘நகரம் கைமாறியது’ என்று இருக்கிறது. சாரும் என்னைப் போலவே—
வெள்ளிக்குள் திருத்தாவிட்டால் பாடமே கிடையாதாம்.

ஜூன் 17
சண்டை. எல்லார் முன்னாலும். “உங்க மனசு நோகக்கூடாதேன்னுதான்...” என்று இழுத்தார். “எங்க தப்ப நான் ஒத்துக்கிறேன். அத அழிக்க நீங்க யாரு?” என்றேன்.
“அப்ப என் வரிய அழிக்க நீங்க யாரு டீச்சர்?”
டீயை அப்படியே வச்சுட்டு எழுந்து போயிட்டார். பதினாலு வருஷத்துல இதுதான் மொத தடவ. என்ன செஞ்சு தொலைச்சேன்?

ஜூன் 18
மேஜையில் ஒரு தாள். என் நான்கு வரியையும் எழுத்து மாறாமல் தன் கையாலேயே திரும்ப எழுதி வைத்திருந்தார். கீழே புதிதாக ஒரு பத்தி: துன்புறுத்தலுக்குத் தப்பி வந்த முதல் முஸ்லிம்களுக்கு அபிசீனியாவின் கிறிஸ்தவ அரசர் அடைக்கலம் கொடுத்தது. அழுதுவிட்டேன். நான் ‘சூறையாடினர்’ என்பதைத் திருப்பி வைத்தேன். பாக்தாத் கலீபாக்கள் கிறிஸ்தவ அறிஞர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கிரேக்க நூல்களை மொழிபெயர்க்கச் செய்ததை ஒரு பத்தி எழுதினேன்.

ஜூன் 20
பாடம் தேறியது. சார் இன்னும் அளந்துதான் பேசுகிறார்.

ஜூலை 2
அச்சுப்படி வந்தது. எதை யார் எழுதியது, சொல் பார்ப்போம் என்று மகளிடம் கொடுத்தேன். “ஜெருசலேம், பாக்தாத் ரெண்டும் சார். மத்த ரெண்டும் நீ. இதுல என்னம்மா இருக்கு?”
நான்கும் தப்பு.
உடனே சாருக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். “நாளைக்குச் சீக்கிரம் வாங்க டீச்சர், டீ ஆறிடும்.”